பச்சை உடம்பின் 42 நாட்கள்: எல்லையோரத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வேலந்தாவளம், அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் இந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, கோவை வரைக்கும் உண்டு. அதனால் ஒரு பிரசவம் என்றால் இரண்டு பக்கத்துப் பக்குவமும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். அம்மாயி பூண்டுக் குழம்பும் செலவு ரசமும் வைத்திருப்பார். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா உடம்பில் தேய்க்கும் தான்வந்தரம் குழம்பு என்ற எண்ணெயும், பட்டை போட்டுக் காய்ச்சிக் குளிக்கும் வேது வெள்ளமும் சொல்லிக் கொடுத்திருப்பார். எதைச் செய்வது, எதை விடுவது என்று பெற்றவளுக்குத் தெரியாது.

நான் இந்தப் பகுதியில் ஆஷா பணியாளர், அதாவது அரசின் கிராமச் சுகாதாரத் தொண்டர். பிரசவமான வீடுகளுக்குப் போய்வருவது என் வேலை. நானும் இரண்டு பிள்ளை பெற்றவள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிள்ளையைத்தான் காட்டுவார்கள். எடை, தொப்புள், மஞ்சள் என்று பிள்ளையைப் பற்றியே பேச்சு ஓடும். பெற்றவளைப் பற்றிய கேள்விகள் நான் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதுதான், அதுவும் மெல்லிய குரலில் வரும். அந்தக் கேள்விகளை இங்கே முன்னால் வைத்திருக்கிறேன்.

எத்தனை நாளில் உடம்பு பழையபடி ஆகும்?

கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஏறக்குறைய 6 வாரம் ஆகும். 42 நாள் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்துப் பிடிக்கிறதே, அது கர்ப்பப்பை சுருங்குகிற வலி. முதல் சில நாட்களில் அது இருக்கும், இரண்டாம் மூன்றாம் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பயப்பட வேண்டாம்.

ஆனால் 42 நாள் முடிந்த மறுநாள் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். வயிற்றுத் தசை, இடுப்பு, இழந்த ரத்தம், தூக்கம் இவையெல்லாம் மீள மாதங்கள் ஆகும். "நான் மூணாம் நாளே கிணத்தடியில் துணி துவைச்சேன்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் அதில் வருத்தம். எழுந்து நடப்பது வேறு, வேலை செய்வது வேறு. முதல் நாளில் இருந்தே எழுந்து நடங்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது தேவை. குடம் தூக்குவது, மாவாட்டுவது, மாட்டுக்குத் தீவனம் போடுவது இவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உதிரப்போக்கு எவ்வளவு நாள் இருக்கும்?

முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக, மாதவிலக்கைவிடக் கூடுதலாக இருக்கும். அப்புறம் நிறம் மங்கிப் பழுப்பாகி, இரண்டாம் வாரத்தில் இருந்து வெளிறிப்போய், 4 முதல் 6 வாரத்தில் நிற்கும். குறைந்துகொண்டே வந்தது ஒருநாள் திடீரென்று சிவப்பாகக் கூடினால், அன்றைக்கு அதிகமாக வேலை செய்தீர்களா என்று யோசியுங்கள். படுத்து ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்துபோகிறது, பெரிய ரத்தக் கட்டிகள் விழுகின்றன, தலை சுற்றிக் கண் இருட்டுகிறது என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

காய்ச்சல் அடிக்கிறது. பால் காய்ச்சல்தான், சரியாகிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன்.

பால் கட்டும்போது, மூன்றாம் நான்காம் நாளில், உடம்பு லேசாகச் சுடுவது உண்டு. அது ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். இந்த ஒரு நாள் சூட்டை வைத்துத்தான் பிரசவத்துக்குப் பின் வரும் எல்லாக் காய்ச்சலுக்கும் நம் ஊரில் பால் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

என் முதல் பிரசவத்தில் ஆறாம் நாள் சாயங்காலம் குளிரெடுத்தது. நான்கு போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டது. பக்கத்தில் பிள்ளை அழுவது காதில் விழுகிறது, கையைத் தூக்க முடியவில்லை. வீட்டில் பால் காய்ச்சல் என்று கஷாயம் வைத்தார்கள். மறுநாள் காட்டப் போன இடத்திலும் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் கெட்ட வாடையோடு போக்கு வந்த பிறகுதான் என் அம்மா பயந்துபோய் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கர்ப்பப்பையில் கிருமித் தொற்று. ஒரு வாரம் ஊசி ஏறியது. அந்த ஒரு வாரம் பிள்ளையை எடுத்துக் கொஞ்சக்கூடத் தெம்பில்லை. இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த வேலைக்கு வந்து படித்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஆகவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும். நடுக்கம், அடிவயிற்று வலி, கெட்ட வாடை, தையலில் சீழ், மூத்திரம் போகும்போது எரிச்சல், மார்பில் ஒரு பக்கம் சிவந்து வலிக்கும் கட்டி, இதில் எது கூட இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். போனதும் "பிரசவமாகி இத்தனை நாள்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வேறு எதற்கெல்லாம் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும்?

கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு. பிரசவம் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின்னும் சில வாரம் வரை அது ஏறலாம், கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்குக்கூட. அதேபோல் ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலிப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி. இவை எதையும் வாய்வு என்று தள்ளிவிடாதீர்கள்.

தையலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சுகப்பிரசவத்தில் போட்ட தையல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். ஒவ்வொரு முறை மூத்திரம் போன பிறகும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, உலர்வாக வையுங்கள். வலி இருந்தால் அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்காரலாம், நல்ல சுகம் கிடைக்கும். மஞ்சள், எண்ணெய், வேப்பிலை அரைத்தது எதுவும் தையலில் வேண்டாம்.

சிசேரியன் என்றால் வெளிக்காயம் இரண்டு வாரத்தில் ஆறியதுபோல் தெரியும். உள்ளே இருக்கும் அடுக்குகள் ஆற 6 வாரமும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை உங்கள் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். மூத்த குழந்தை "என்னையும் தூக்கு" என்று வந்து நின்றால் மனசு கேட்காது, தெரியும். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவனை ஏறி மடியில் உட்காரச் சொல்லுங்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி அவ்வளவாகத் தெரியாது. எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள்.

வேது குளிக்கலாமா? கொதிக்கக் கொதிக்க அடித்து ஊற்றினால்தான் வயிறு சுருங்கும் என்கிறார்களே?

நால்பாமரப் பட்டை, அதாவது அத்தி, இத்தி, ஆல், அரசு இவற்றின் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் இந்தப் பக்கம் பழக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் வேப்பிலை, நொச்சி, புளிய இலை. உடம்பு முழுக்கக் குழம்பு தேய்த்து, ஊறவிட்டு, சூடான தண்ணீரில் குளிக்கும்போது முதுகும் இடுப்பும் இளகிப்போகும். அந்தச் சுகத்தை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெற்றவளை ஒருத்தர் உட்கார வைத்துத் தொட்டுத் தேய்த்துவிடுவதே ஒரு மருந்துதான்.

நான் தடுப்பது கொதிநீரை. துண்டை அதில் முக்கி வயிற்றில் ஓங்கி அடிப்பதும், செம்பில் மொண்டு வீசி ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. கர்ப்பப்பை சுருங்குவது உடம்பில் சுரக்கும் ஆக்சிடோசினால், பால் கொடுக்கக் கொடுக்க அது சுரக்கும். வெளியே ஊற்றும் தண்ணீரின் சூடு அங்கே போய்ச் சேராது. தோல் மட்டும் வேகும். சிசேரியன் ஆனவர்களுக்குக் கீறலைச் சுற்றி மரத்துப்போயிருக்கும், சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அப்படி வயிற்றில் கொப்புளத்தோடு ஒரு பெண் படுத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன், குளித்து முடித்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

தண்ணீரை உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிசேரியன் காயம் நன்றாக ஆறி டாக்டர் சரி என்று சொல்லும்வரை வயிற்றில் எண்ணெய் வேண்டாம், கை, கால், முதுகில் தேய்க்கலாம். குளியலறைக் கதவை உள்ளே தாழ் போடாதீர்கள். பச்சை உடம்போடு வெந்நீர் ஆவியில் நின்றால் மயக்கம் வரும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு பெருக்கும், தையல் சீழ் பிடிக்கும் என்று ஒரு டம்ளர்தான் தருகிறார்கள். சரியா?

சரியில்லை. பெற்றவளை நம் ஊரில் அதிகம் வாட்டுவது இந்தத் தண்ணீர்ப் பத்தியம்தான். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும், பிள்ளை வாய் வைத்த மறுநிமிடமே தொண்டை வறளும். தாகத்துக்குத் தண்ணீர் தராவிட்டால் மலம் இறுகும், தையல் இழுக்கும், மூலம் தள்ளும், மூத்திரத் தொற்று வரும். வறண்ட காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடித்து உதடு வெடிக்கிற மாதத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எப்படிப் போதும்? ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு காய்ச்சிய தண்ணீர் இருக்கட்டும். சீரகத் தண்ணீரோ பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட தண்ணீரோ எதுவானாலும் சரி.

சாப்பாட்டில் எதைத் தள்ள வேண்டும்?

ஏறக்குறைய எதையும் தள்ள வேண்டாம். பால் கொடுக்கும் முதல் 6 மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. வீட்டுக் கணக்கில் சொன்னால் இன்னொரு நல்ல வேளைச் சாப்பாடு. பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, பால் சுறாப் புட்டு, உலுவாக் கஞ்சி என்ற வெந்தயக் கஞ்சி, கருப்பட்டி, எல்லாமே நல்லது. ஆனால் அதோடு பருப்பு, முட்டை, மீன், தயிர், காய், பழமும் வேண்டும். ஒரு மாதம் வெறும் ரசமும் சுட்ட கருவாடும் மட்டும் தின்றால் ரத்தம் எங்கிருந்து ஊறும்? நீங்கள் வாழைப்பழம் தின்பதால் பிள்ளைக்குச் சளி பிடித்துவிடாது.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை பிறந்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்க வேண்டாம், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்க்காதீர்கள்.

அரிஷ்டமும் லேகியமும் சாப்பிடலாமா?

தசமூலாரிஷ்டமும் ஜீரகாரிஷ்டமும் இந்தப் பக்கம் பிரசவ வீட்டில் தவறாமல் இருக்கும். அரிஷ்டம் என்பது நொதிக்க வைத்துச் செய்யும் மருந்து, அதில் தானாக உண்டாகும் ஆல்கஹால் உண்டு. அதனால் டானிக் மாதிரி அளவில்லாமல் குடிக்கக் கூடாது. படித்த ஆயுர்வேத டாக்டரிடம் காட்டி, நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சொல்லி, அவர் சொன்ன அளவில் எடுங்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், லேகியம் பாதி வெல்லம்தான். சுக்கு, மிளகு, திப்பிலி அரைத்த காயம் என்ற மருந்து ஒரு சின்ன உருண்டை சாப்பிடுவதில் தவறில்லை, வயிறு எரிந்தால் நிறுத்துங்கள். பேரில்லாத பொட்டலத்தில் வரும் பொடி எதுவும் வேண்டாம்.

கள் குடித்தால் பால் ஊறும் என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். சித்தூர்ப் பக்கம் தென்னங்கள் எளிதில் கிடைக்கும் என்பதால் சொல்கிறேன்: ஆல்கஹால் பால் இறங்குவதைக் குறைக்கவே செய்யும், பாலில் கலந்து பிள்ளைக்கும் போகும். வேண்டாம்.

பால் வரவே இல்லை. புட்டிப்பால் கொடுக்கட்டுமா?

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். புதிதாகப் பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அந்தச் சொட்டுகள் போதும். பால் நிறைந்து வருவது பொதுவாக இரண்டில் இருந்து நான்காம் நாளுக்குள், சிசேரியன் ஆனவர்களுக்குச் சில நேரம் ஒருநாள் தள்ளியும் வரும். நிறைய வீடுகளில் அந்த இடைவெளியில் பயந்துபோய் புட்டியை எடுத்துவிடுகிறார்கள். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை சப்பாது, சப்பாததால் பால் குறையும்.

நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள், இரவிலும். காம்பை மட்டும் கவ்வ விடாதீர்கள், சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். பிள்ளையின் தாடை மார்பைத் தொட, கீழுதடு வெளியே மடிந்திருக்க, கன்னம் உப்பலாக இருக்க, பிள்ளை "க்கு, க்கு" என்று விழுங்கும் சத்தம் கேட்டால் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கடித்த மாதிரி வலித்துக்கொண்டே இருந்தால் பிடி சரியில்லை. உங்கள் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.

போதுமா என்று அழுகையை வைத்துப் பார்க்காதீர்கள், துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளில் இருந்து நாளுக்கு 6 தடவைக்கு மேல் துணி நனைந்தால் பால் போதும். கருப்பாகத் தார் போல் போன மலம் நான்கு ஐந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிடும். அதற்கு மேலும் குறைந்தால், அல்லது பிள்ளை எழுப்ப எழுப்ப எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் காட்டுங்கள். டாக்டர் பார்த்துப் புட்டிப்பால் தேவை என்று சொன்னால் கொடுங்கள், அதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை.

மார்பு கல் மாதிரி இறுகி வலிக்கிறது. என்ன செய்வது?

பால் கட்டிவிட்டது. கொடுப்பதை நிறுத்தினால் இன்னும் மோசமாகும். கொடுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்துக் கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சிவிட்டு, காம்பைச் சுற்றி இளகிய பிறகு பிள்ளையைப் போடுங்கள். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. காம்பு வெடித்திருந்தால் கடைசியாக வரும் பாலையே தடவிக் காற்றாட விடுங்கள். ஒரு பக்கம் சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அப்போதும் பால் கொடுக்கலாம்.

பொன்னும் வயம்பும் கொடுக்கலாமா? உரைமருந்து? கண்மை?

தங்கத்தையும் வசம்பையும் தேனில் உரைத்து நாக்கில் தடவுவது இங்கே வழக்கம். அந்தப் பக்கம் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் என்று உரைமருந்து. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் செய்வது, எனக்குத் தெரியும். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து உடம்பையே தளரவைக்கும் விஷத்தை உண்டாக்கும். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம்.

அப்பத்தா மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். ஒரு வீட்டில் வசம்பைக் கயிற்றில் கோத்துத் தொட்டிலுக்கு மேலே எட்டாத உயரத்தில் கட்டிவிட்டார்கள், அப்பத்தாவுக்கும் திருப்தி. பொன்னைத் தொட வைக்கத்தான் வேண்டும் என்றால் மோதிரத்தைப் பிள்ளையின் கையில் ஒரு தரம் வைத்து எடுங்கள். கண்ணுக்குள் மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கும். திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் வைக்கலாம்.

தொப்புள், குளியல்?

தொப்புளில் எதுவும் வைக்காதீர்கள். சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும். உலர்வாக விட்டால் இரண்டு வாரத்துக்குள் தானே விழும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். குளிப்பாட்ட வரும் அம்மாவிடம் மூன்றை மட்டும் பணிவாகச் சொல்லிவிடுங்கள்: மூக்கில் ஊத வேண்டாம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம், பிள்ளையின் மார்பைப் பிதுக்க வேண்டாம். சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

பிள்ளை மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா?

இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் லேசாக மஞ்சளாகி இரண்டு வாரத்துக்குள் வடிவது பல பிள்ளைகளுக்கும் வரும். அடிக்கடி பால் கொடுங்கள். வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால், வயிறு, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினால், பிள்ளை சோர்ந்து பால் குடிக்காமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அங்கே நீல விளக்கு வைத்துச் சரி செய்துவிடுவார்கள். தாமதித்தால் மூளையைப் பாதிக்கும்.

பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது அல்லது 37.5 டிகிரி செல்சியஸ் தாண்டிச் சுடுவது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, வலிப்பு, இவற்றுக்கும் அதே அவசரம்தான்.

இரவெல்லாம் அழுகிறது. எப்படிச் சமாளிப்பது?

பசி, ஈரம், ஏப்பம், சூடு, இந்த நான்கையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சாயங்காலமானால் அழும் பிள்ளைகள் உண்டு. அந்த அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய் மூன்றாம் மாதத்துக்குள் குறைந்துவிடும். தோளில் போட்டு நடங்கள். உங்கள் வெறும் மார்போடு பிள்ளையின் வெறும் உடம்பை அணைத்து மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள், பல பிள்ளைகள் அதில் அடங்கிவிடும். தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். சேலைத் தொட்டிலில் போட்டால் தாடை நெஞ்சில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆள் இல்லாமல் விடாதீர்கள்.

பெற்றவள் தூங்குவதற்கு ஒரு வழி செய்யாமல் இந்தக் கேள்விக்குப் பதில் முடியாது. பிள்ளையின் அப்பா ராத்திரி ஒரு முறை எழுந்து துணி மாற்றி, ஏப்பம் எடுத்துத் தூங்க வைக்கலாம். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர எல்லாம் அவராலும் முடியும். பார்க்க வருகிறவர்கள் நேரம் கேட்டுக்கொண்டு வரட்டும், வந்தால் ஒரு தூக்கு குழம்போடு வரட்டும்.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பிள்ளை மேல் பாசம்கூட வரவில்லை. எனக்கு என்ன ஆச்சு?

இதைக் கேட்கும்போது எல்லோரும் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். மாமியார் காதில் விழுந்துவிடுமோ என்று.

முதல் வாரத்தில் அழுகை, எரிச்சல், பயம் வருவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு. ஹார்மோன் சட்டென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும்தான் காரணம். இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தணியாமல், சாப்பிடப் பிடிக்காமல், பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வராமல், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தோன்றிக்கொண்டே இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அது ஒரு நோய், மருந்து உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. பாசம் சிலருக்கு முதல் பார்வையில் வரும், சிலருக்கு வாரக்கணக்கில் ஊறி வரும். இரண்டுமே பாசம்தான், கண்ணு.

தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ பேசும் குரல் கேட்பதாகச் சொல்வது, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்பது, இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பேய், காற்று, கருப்பு என்று மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள். அவளைத் தனியாகவும் விடாதீர்கள். மனசுக்கு உதவி கேட்க 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திஷா உதவி எண் 1056, தமிழ்நாட்டில் 104.

தும்மினால் மூத்திரம் கசிகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பலருக்கும் இருப்பதுதான், யாரும் சொல்லாததால் உங்களுக்கு மட்டும் என்று தோன்றுகிறது. மூத்திரத்தைப் பாதியில் அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விடுங்கள். பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூத்திரம் போகும்போது செய்ய வேண்டாம், மற்ற நேரத்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம். மூன்று மாதமாகியும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயிற்றில் துணி கட்டினால் தொப்பை குறையுமா?

குறையாது. எழுந்து நடக்கும்போது ஒரு பிடிமானமாக இருக்கும், அதற்காகத் தளர்வாகக் கட்டலாம். மூச்சு முட்டக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தசைக்குக் கெடுதல்.

பால் கொடுக்கும்போது கரு நிற்காது என்கிறார்களே?

தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்ப வராமல், பிள்ளைக்கு 6 மாதமும் ஆகாமல் இருந்தால் வாய்ப்பு குறைவு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. விலக்கு வருவதற்கு முன்பே கரு நிற்கலாம். அடுத்த கருவுக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். கருவைத் தள்ளிப்போடும் காப்பர் டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உறவு எப்போது என்றால், போக்கு நின்று, தையல் ஆறி, உங்களுக்கு மனசு வந்த பிறகு. 42 நாள் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் சம்மதிக்க வேண்டியதில்லை.

பொள்ளாச்சியில் பிரசவம், வீடு இந்தப் பக்கம். பிறப்புச் சான்றிதழ் எங்கே? ஊசி எங்கே?

பிள்ளை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தால் பொள்ளாச்சி நகராட்சி, பாலக்காட்டில் பிறந்தால் பாலக்காடு நகராட்சி. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண் கேட்பார்கள், கர்ப்பத்திலேயே வாங்கி வையுங்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம், ஒரு வருடம் வரை இலவசம். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும்போது அப்பா அம்மா பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படியே கொடுங்கள். நம் இனிஷியல் வழக்கமும் மலையாளத்தவரின் வீட்டுப் பெயர் வழக்கமும் கலந்து எழுதிப் பின்னால் பள்ளிக்கூடத்தில் அலைந்தவர்கள் நிறையப் பேர். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம்.

ஊசி அட்டவணை நாடு முழுக்க ஒன்றுதான். பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, அப்புறம் 6, 10, 14 வாரங்களில். தாய்வீட்டில் இருந்தால் அங்கேயே போடலாம், கார்டை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். எல்லை மாறிப் போகிறீர்கள் என்றால் இங்குள்ள ஆஷாவிடமும் அங்குள்ள கிராம சுகாதார நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது ஆஷாக்களுக்கான கணக்கு. நீங்கள் ஊர் மாறியது தெரியாவிட்டால் நாங்கள் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

ஆறாவது வாரம் பிள்ளைக்கு ஊசி போடும்போது நானும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். ஊசி போட்டதும் பிள்ளை அழுகிறது என்று எல்லோரும் ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள், அதைத்தான் நான் ஒவ்வொரு புதன்கிழமையும் பார்க்கிறேன். பிள்ளையை அம்மாயி கையில் கொடுத்துவிட்டு நீங்கள் உள்ளே போங்கள். பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், ரத்த அளவு பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதற்கான பரிசோதனையை இப்போது திரும்பச் செய்ய வேண்டும், நன்றாக இருக்கிறோமே என்று விடாதீர்கள். தையலைக் காட்டுங்கள். தூக்கம், அழுகை, மூத்திரக் கசிவு, எது இருந்தாலும் சொல்லுங்கள். மலையாளத்தில் சொல்ல வராது என்று கூச்சப்பட்டால், இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் புரியாத சிஸ்டர் அபூர்வம். அதுவும் தயக்கமாக இருந்தால் முதல் நாளே எனக்கு ஒரு போன் போடுங்கள், கூட வருகிறேன்.